நான் எழுதாத முதல் பத்தி

அந்த யோசனை தோன்றியபோது என் வாய் அகலத் திறந்திருந்தது. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில், பல் டாக்டரின் நாற்காலியில், அப்பாவின் கம்பெனி மெடிக்கல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தேன். டாக்டர் என் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் குடைவார், "துப்பும்மா" என்பார், எழுந்து துப்புவேன், மறுபடி சாய்வேன். மூன்றாவது தடவை சாயும்போது ஜன்னலில் தூரத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. அப்போதுதான் சட்டென்று எல்லாம் ஒன்றோடொன்று போய்ப் பொருந்திக்கொண்டது. எங்கள் ஊர்த் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம்தான் வாய். மண்ணை வெட்டும் பெரிய சக்கர இயந்திரம்தான் பல்லைக் குடைகிற இந்த மெஷின். சுரங்கத்தின் அடியில் ஊறிக்கொண்டே இருக்கும் தண்ணீரை இராப்பகலாக பம்பு வைத்து வெளியே கொட்டுகிறார்களே, அதுதான் நான் துப்புகிற எச்சில்.

"ம்ம்ம், ம்ம்ம்" என்றேன். பென்சில் வேண்டும் என்று கேட்டேன். டாக்டர் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு கையை எடுத்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்து, "என்னட்டி, அவ்வளவு வலியா?" என்றாள். வாயில் பஞ்சோடு தலையை ஆட்டினேன். அந்தப் பஞ்சுகூடப் பயன்பட்டது. வீட்டுக்குப் போவதற்குள் அது புகையாகிவிட்டது.

இது நடந்தது போன வருஷம், அப்போது எனக்கு இருபது வயது. பி.எஸ்சி. முடித்துவிட்டு, எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டு, வீட்டில் இருந்தேன். எங்கள் பிளாக்கில் என் வயதுப் பெண்கள் எல்லாரும் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டோ கல்யாணத்துக்குக் காத்துக்கொண்டோ இருந்தார்கள். நான் நாவலுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்று புது எழுத்தாளர்களுக்கு நாவல் போட்டி அறிவித்திருந்தது. முதலில் முதல் அத்தியாயம் மட்டும் அனுப்பினால் போதும், பிடித்திருந்தால் மீதியைக் கேட்பார்களாம். அப்படியானால் எல்லாமே ஆரம்பத்தில்தான் இருக்கிறது, அதிலும் முதல் பத்தியில்தான் இருக்கிறது என்று நான் முடிவுகட்டியிருந்தேன். படிக்கிறவரைக் கையைப் பிடித்து ஊருக்குள் இழுத்துவிட வேண்டும், அதற்கு உவமைதான் கயிறு. என் நோட்டில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன், இரண்டு முறை அடிக்கோடிட்டு.

அன்று மாலையே எழுதினேன். இப்படி:

"பூமாதேவி வாயைப் பிளந்து படுத்திருந்தாள். ராட்சதப் பல் மருத்துவனைப் போல இயந்திரச் சக்கரம் அவள் ஈறுகளைக் குடைந்துகொண்டிருந்தது. எச்சிலைப் போல ஊறிய நிலத்தடி நீரைக் குழாய்கள் இரவும் பகலும் உறிஞ்சித் துப்பின. பஞ்சைப் போலப் புகை அவள் கன்னத்தில் ஒதுங்கியிருந்தது. கரையோரத்து ஊர்கள் சொத்தைப் பற்களைப் போல ஒவ்வொன்றாய்க் கழன்று விழுந்தன."

ஐந்து வாக்கியம், நான்கு 'போல'. ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும், அவ்வளவு இறுக்கம். இரண்டு நாள் எதைச் சாப்பிட்டேன் என்று தெரியாது. சாப்பிட முடியாததற்குப் பல்லும் ஒரு காரணம்.

மெட்ராசுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஊரில் யாராவது படிக்க வேண்டும் என்று ஆசை. அதற்கு எங்களிடம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை இருந்தது. மாதம் ஒன்று, ஒரே ஒரு பிரதி. ஸ்டோர்ஸ் டிபார்ட்மென்டில் கிளார்க்காக இருந்த ஒரு கோயம்புத்தூர்க்காரர்தான் அதற்கு ஆசிரியர். நாங்கள் சார் என்போம். பத்திரிகையின் பின்னட்டையில் பிளாக், வீட்டு நம்பர் போட்டு ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். ஒரு வீட்டில் இரண்டு நாள். படித்துவிட்டுக் கடைசியில் இருக்கும் வெள்ளைத் தாள்களில் கருத்து எழுதிவிட்டு அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு விதி உண்டு. எழுதியவர்களின் வீட்டுக்குக் கடைசியில்தான் போகும். ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஒருமுறை, காசி போய் வந்ததை எழுதிய ஒருவர், ஊரிலிருந்து பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டி, மூன்று வாரம் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டுவிட்டார். திரும்பி வந்தபோது கங்கைமேல் சாம்பார். அதிலிருந்துதான் இந்த விதி. எழுதியவர் தன் எழுத்தை ஊரெல்லாம் படித்த பிறகுதான் பார்ப்பார். யாருக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை. எழுதியது அவர்தானே, அவருக்குத் தெரியாததா.

பத்திரிகை முழுவதையும் ஒரே கையெழுத்தில் எழுதுகிறவள் என் சிநேகிதி. எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்ட ஊர்களில் ஒன்று அவளுடைய ஊர். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அவர்கள் அங்கிருந்து கிளம்பி டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வந்துவிட்டார்கள். அவள் அப்பா கான்ட்ராக்டில் வேலை செய்தார், வருஷா வருஷம் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று சொல்வார்கள். அவள் ஒரு கான்ட்ராக்டர் ஆபீசில் ஆஜர் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தாள். அவள் எழுத்தைப் பார்த்தால் அச்சு வெட்கப்படும். இதோ, இன்னும் எனக்கு இந்தப் பழக்கம் போகவில்லை. அவள் எழுத்து சின்னதாக, நேராக, ஒரே அளவில் இருக்கும். அவ்வளவுதான்.

அத்தியாயத்தை அவளிடம் கொடுத்தபோது நின்ற வாக்கிலேயே முதல் பக்கத்தைப் படித்தாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நெறைய பல்லு இருக்குது," என்றாள்.

நான் சிரித்தேன். பாராட்டு என்று நினைத்தேன்.

அதன்பிறகு காத்திருந்தேன். பத்திரிகை பிளாக் பிளாக்காகப் போய்க்கொண்டிருந்தது. பத்து நாளில் எனக்கு மரியாதை வர ஆரம்பித்தது. ஷாப்பிங் சென்டர் ரேஷன் வரிசையில் ஒரு மாமி என் தோளைத் தொட்டு, "பருந்து எழுதினது நீதானே?" என்றாள். லைப்ரரியில் புத்தகம் பதிகிறவர், ஒருநாளும் என்னை நிமிர்ந்து பார்க்காதவர், "பருந்து பிரமாதம்மா," என்றார். எங்கள் பிளாக்கில் டிவி இருந்த ஒரே வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குப் போனபோது அந்த வீட்டுக்காரர் எனக்கு நாற்காலி போட்டார். "எங்கேருந்தும்மா பிடிச்ச அந்தப் பருந்த?"

நான் எந்தப் பருந்தையும் பிடிக்கவில்லை. என் அத்தியாயத்தில் குருவிகூடக் கிடையாது. ஆனால் ஒவ்வொரு முறையும் தலையாட்டினேன். டிவி வீட்டில், "சும்மா தோணிச்சு, அங்கிள்," என்றுகூடச் சொன்னேன். பத்திரிகைக்குப் படம் வரைகிறவர் என் பக்கத்தில் ஏதோ பருந்தை வரைந்திருப்பார், இவர்கள் படத்தைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்தத் தலையாட்டலுக்கு அது காரணம் இல்லை. நாற்காலி நன்றாக இருந்தது.

பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு புதன்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்து பஸ்கள் திரும்புகிற நேரம். கேட்டிலேயே நின்று பிரித்தேன். என் பெயர், தலைப்பு எல்லாம் சரியாக இருந்தது. ஒரு பக்கமாகச் சக்கர இயந்திரத்தின் படம், அதை ஒட்டி நான்கு வரிக்குக் கட்டம். கட்டத்துக்குள் இப்படி இருந்தது:

"பள்ளத்துக்கு மேலே ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. அது பறந்த உயரத்தில்தான் எங்கள் வீட்டு வாசல் இருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, இன்னொரு பருந்து வந்தால் அது பறக்கக்கூடிய இடத்தில், கிணறு. அம்மா இன்றைக்கும் யாருக்காவது வழி சொன்னால் அந்தக் கிணற்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறாள்."

அதற்குக் கீழே என் அத்தியாயம் அப்படியே, ஒரு எழுத்து மாறாமல்.

என் பல் ஒன்றுகூட இல்லை. பஞ்சு இல்லை, எச்சில் இல்லை, பூமாதேவி இல்லை. யாரோ என் வீட்டுக்குள் புகுந்து முன்னறையை மட்டும் காலிசெய்து வேறு சாமான் போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. பின்பக்கத் தாள்களைத் திருப்பினேன். பதினேழு கருத்துகள், பதினான்கில் பருந்து. "கற்பனையின் சிகரம்" என்று ஒருவர். "தாய்நாட்டைப் பருந்தாக உருவகித்த சகோதரிக்கு வாழ்த்து" என்று ஒருவர். "வாசல் எப்படி ஆகாயத்தில் இருக்கும், விளக்கவும்" என்று ஓர் என்ஜினியர். அதற்குப் பக்கத்தில் இன்னொருவர் அம்புக்குறி போட்டு, "இதுதான் சார் இலக்கியம்" என்று எழுதியிருந்தார்.

என் மீதி அத்தியாயத்தைப் பற்றி ஒரே ஒருவர் எழுதியிருந்தார். "போகப் போக நீளம்."

இரண்டாவது முறை அந்த நான்கு வரியைப் படித்தபோதே அது என்னுடையதைவிட நல்லது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மோசமாக எழுதி என் பெயரைக் கெடுத்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். என் பெயரில் என்னைவிட நன்றாக எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா கூப்பிடக் கூப்பிட சைக்கிளை எடுத்தேன். மந்தாரக்குப்பம் போகும்வரை பேச வேண்டியதையெல்லாம் சத்தமாகவே பேசிக்கொண்டு மிதித்தேன். ஒரு ஜவுளிக்கடையின் பின்பக்கம் அவர்கள் வீடு. அவள் அம்மா வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அவள் அப்போதுதான் ஆபீஸ் விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பத்திரிகையை நீட்டினேன். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாளே தவிர அதை வாங்கவில்லை.

"வந்துடுச்சா உன் வூட்டுக்கு," என்றாள்.

"என் பேரைப் போட்டு உன் வரியை ஏண்டி எழுதின?"

"உன் வரிய எழுத முடியல."

"முடியலைன்னா என்கிட்டச் சொல்லணும்."

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப?"

"மாத்தியிருப்பேன்."

"மாத்தியிருக்க மாட்ட. இன்னும் ரெண்டு பல்லு சேத்திருப்ப."

அவள் அம்மா தலை நிமிராமல், "இன்னாடி சண்ட?" என்றார்.

"சண்ட இல்லம்மா. பாடம்."

"பாடந்தான் முடிஞ்சிட்டுதே ரெண்டு பேருக்கும்," என்று அவர் அடுத்த கொட்டையை எடுத்தார்.

அவள் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கரையோரத்து ஊர்கள் சொத்தைப் பற்களைப் போல ஒவ்வொன்றாய்க் கழன்று விழுந்தன. சரியா சொல்றனா? எனக்கு மனப்பாடம். மூணு தாள்ல எழுதி மூணையும் கிழிச்சேன். சொத்தன்னு எழுதற எடத்துல கை நின்னு நின்னு மை ஊறிப் போவுது. நாங்க சொத்தையாடி?"

"அது உவமைடி. சுரங்கத்த வாய்னு சொன்னா ஊரப் பல்லுன்னுதான் சொல்லியாகணும். பல்லுன்னு சொன்னா, பிடுங்கறதுக்கு ஒரு காரணம் வேணாமா?"

சொல்லி முடிக்கும்போதே எனக்குக் கேட்டது, நான் என்ன சொல்கிறேன் என்று. அந்த ஊர்களைப் பற்றி நான் எதுவுமே யோசித்திருக்கவில்லை. வாய் என்று எழுதினேன், மீதியை அந்த வாயே எழுதிக்கொண்டது. இதை அப்போதே அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கலாம். நான் வேறு பக்கம் தாவினேன்.

"சரி, என் உவமை தப்பு. உன் உவமைய என் பேர்ல ஏன் போடணும்?"

"அது உவம இல்ல," என்றாள். "அளவு."

எனக்குப் புரியவில்லை.

"வியூ பாயின்ட்ல நின்னு எங்கப்பா கை நீட்டிக் காட்டும். இங்கதான் வாசல், அங்க கெணறுன்னு. கீழ பாத்தா ஒண்ணும் இல்ல, பள்ளம். நேரா கை நீட்டுனா காத்துதான். அன்னிக்கு ஒரு பருந்து சுத்திகினு இருந்துச்சு. அது மேலயும் போவல, கீழயும் எறங்கல. அதோ, அந்த ஒசரம்னு அப்பா காட்டிச்சு. மண்ணு இருந்த ஒசரம் அதுதான? இதுல கற்பன எங்க இருக்குது."

சுரங்கத்தின் விளிம்பில் இருக்கும் அந்த வியூ பாயின்டில் நான் எத்தனை முறை நின்றிருப்பேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கோயிலுக்குப் போகிற மாதிரி அங்கேதான் கூட்டிப்போவோம். மாமாக்கள், சித்திகள், அவர்கள் பிள்ளைகள். எல்லாருக்கும் கீழே காட்டுவேன், அதோ சக்கரம், அதோ கரி, அதோ தண்ணீர் என்று. நேராக யாருக்கும் எதையும் காட்டியதில்லை.

"அப்புறம் ஏன் உன் பேர்ல தனியா எழுதல?" என்றேன்.

"நான் எழுதணும்னு எழுதலயே. படம் மொதல்லயே வரைஞ்சாச்சு. நாலு வரிக்குக் கட்டம் வுட்டிருந்தாங்க. வெள்ளையா வுட்டா சார் திட்டுவாரு. ரொப்பணும், ரொப்புனேன்." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். "உன் கதாநாயகி எங்க ஊருக்காரிதான? பச்ச வயல்ல தாவணி பறக்க ஓடிகினே இருக்கா. முந்திரித் தோப்புல ஓடிப் பாரு, தாவணி பாதி வழியிலயே மாட்டிகினு நின்னுடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்ததால் சிரிக்கவில்லை. இந்த நிலையிலும் எனக்கு இருந்தது ஒரே கவலைதான். போட்டிக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் பத்தியை இனி என்னால் நேராகப் பார்க்க முடியாது. அவளுடையதுதான் இருக்கிறது.

"அந்த நாலு வரியை எனக்குக் குடுத்துடு," என்றேன். "போட்டிக்கு."

"வேணாம்."

"உன் பேரையும் போடச் சொல்றேன்."

"வேணாண்டி. இது ஒரு காப்பி. நாலு பிளாக்கு சுத்திட்டு பீரோக்குள்ள போயிடும். அச்சுல வந்தா இந்த ஊரு பூரா எங்க வாசல்ல நிக்கும். எங்கப்பா அத வெளில யார்கிட்டயும் சொன்னதில்ல. கட்டத்த ரொப்பறதுக்கு எழுதிட்டேன், அதுவே தப்பு."

"சரி," என்றேன். "சத்தியமா அனுப்ப மாட்டேன்."

கிளம்பும்போது வாசல்வரை வந்தவள், கேட்காமலே இன்னொன்றைச் சொன்னாள். "சார்கிட்ட காட்டிட்டுத்தான் எழுதுனேன். அவருதான், இதே இருக்கட்டும், அவ வூட்டுக்குக் கடைசியாத்தான போவும், அப்பறம் பாத்துக்கலாம்னாரு."

எங்கள் விதி இதற்கா பயன்பட வேண்டும். திரும்பி மிதிக்கும்போது சாரிடம் என்ன கேட்பது என்று வாக்கியம் கட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் சாயங்காலம் சார் வீட்டுக்குப் போனேன். லுங்கியோடு தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததில், நான் தயார்செய்து வைத்திருந்த முதல் வாக்கியம் மறந்துவிட்டது.

"வா கண்ணு, வா. உனக்கு ஒரு சந்தோச சமாச்சாரம் வெச்சிருக்கறேன்."

"சார், அந்த முதல் பத்தி நான் எழுதினது இல்லை. உங்களுக்கே தெரியும்."

"தெரியும் கண்ணு. நல்லா இருந்துச்சு, அதான் விட்டேன். எடிட்டர்னா எதுக்கு இருக்கறது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"கேட்டா நீ ஒத்துக்குவியா? பல்லப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்திருப்ப." குழாயை மூடிவிட்டு வந்தார். "நான் சொல்ல வந்ததக் கேளு. உன்ற அத்தியாயத்தப் போட்டிக்கு அனுப்பியாச்சு. பத்திரிகை என்ற கைக்கு வந்தன்னிக்கே, சுத்துக்கு விடறதுக்கு முன்னாலயே, நானே ஒக்காந்து நகல் எடுத்து, என்ற கையாலயே ரிஜிஸ்டர் பண்ணிட்டு வந்தேன். நீ தேதிய விட்டுருவியோன்னு. செயிச்சா சொல்லலாம்னு இருந்தேன்."

"எந்த ஆரம்பம் சார்?"

"வேற எது? பருந்துதான்."

நான் அவள் வீட்டில் நின்று சத்தியம் செய்துகொண்டிருந்தபோது அது மெட்ராசில் யாருடைய மேஜையிலோ இருந்திருக்கிறது. என் பெயரோடு, என் விலாசத்தோடு. சாருக்கு நான் ஏன் அழுகிறேன் என்று புரியவில்லை. அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். "ஊருக்கே நல்லது பண்றன்னு இவரு இப்படித்தான் கண்ணு," என்றார். நான் மோரைக் குடித்தேன். அதையும் மறுக்கத் தெரியவில்லை.

அடுத்த நாள் அவளிடம் போய்ச் சொன்னேன். ஆபீஸ் வாசலிலேயே, அவள் வெளியே வரும்போது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்கு எங்க வூட்ல கேட்ட பாரு, குடுத்துடுன்னு. அப்பவே அனுப்பியாச்சு."

"எனக்குத் தெரியாதுடி. சார்தான்."

"டிவி வூட்ல எங்கேருந்து பருந்து வந்துச்சுன்னு கேட்டாங்களாமே. சும்மா தோணிச்சுன்னு சொன்னியாமே. அதும் சார்தானா?"

மந்தாரக்குப்பம்வரை அந்தச் சேதி எப்படிப் போனது என்று தெரியவில்லை. அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அடுத்த மாதப் பத்திரிகை வேறு கையெழுத்தில் வந்தது, கோணல் கோணலாக. சார் ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, ஆபீசில் வேலை அதிகம் என்று சொல்லியனுப்பினாளாம்.

வாரப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். அத்தியாயத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், முதல் பத்தி என்னுடையது அல்ல, தயவுசெய்து எங்கும் வெளியிட வேண்டாம் என்று. இரண்டே வாக்கியம். எழுதியதும் போஸ்ட் செய்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மூன்று நாள் அந்தக் கடிதம் என் நோட்டுக்குள் கிடந்தது. மூன்று நாளும் ஒரே நினைப்பு. சும்மா இருந்தால் போதும், பருந்து தானாக ஜெயித்துவிடும். நாவல் வரும், மீதியை நான்தானே எழுதப்போகிறேன், நான்கு வரியில் என்ன இருக்கிறது. முதல் பத்தியில்தான் எல்லாம் இருக்கிறது என்று அடிக்கோடிட்டவளும் நான்தான்.

நான்காம் நாள் போஸ்ட் செய்தேன். நல்லவளாகிவிட்டதால் அல்ல. அந்த அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அவளுடைய நான்கு வரி முடிந்து என்னுடையது ஆரம்பிக்கிற இடத்தில், கிணற்றடியிலிருந்து இறங்கி யாரோ சினிமா செட்டுக்குள் நடப்பது அப்பட்டமாகத் தெரிந்தது. ஒருவேளை ஜெயித்தால், மீதிப் பக்கம் முழுவதும் அந்த நான்கு வரி என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

தேறியவர்களின் பட்டியல் வந்தது. அதில் நான் இல்லை. என் கடிதம் போய்ச் சேர்ந்ததாலா, இல்லை அவர்களுக்கும் "போகப் போக நீளம்" என்று பட்டதாலா, தெரியாது. கடிதம் போட்டதைச் சொன்னதும் சார் என்னிடம் பத்து நாள் பேசவில்லை. ரேஷன் வரிசை மாமி, "அடுத்து என்ன பறவை?" என்று கேட்டாள். அதில் நான் இல்லை என்று காட்ட, பட்டியல் வந்த வாரப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை மந்தாரக்குப்பம் போனேன். முதல் தடவை அவள் இல்லை என்றார்கள். இரண்டாவது தடவை உள்ளே அவள் குரல் கேட்டது, இல்லை என்றார்கள்.

என்னை ஏமாற்றியது யார் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்ததுண்டு. கேட்காமல் எடுத்தவள் அவள். தெரிந்தே மறைத்தவர் சார். ஆனால் அவர்களைவிட அதிகக் கோபம் எனக்கு அந்த உவமைமேல்தான். நான் அதை அவ்வளவு நம்பினேன். இருபது வருஷம் நான் வாழ்ந்த இடத்தை அது எனக்குக் காட்டும் என்று நினைத்தேன். அது ஒரு ஜோடிப் பல்லைக் காட்டிவிட்டு, என் சிநேகிதியின் ஊரை அதில் சொருகிவிட்டு, சமர்த்தாக முடிந்துபோனது. நான் பார்க்காததை அது பார்க்கவில்லை என்று அதன்மேல் கோபப்படுவது நியாயமா என்று தெரியவில்லை. கோபம் இருக்கிறது.

இப்போது அப்பாவுக்குப் பிரமோஷன். அடுத்த மாதம் வேறு டைப் குவார்ட்டர்சுக்கு மாறுகிறோம், வேறு பிளாக். சாவி வாங்கிப் பார்த்துவிட்டு வந்தோம். எல்லா வீடும் ஒன்றே. அதே மஞ்சள் சுவர், அதே பச்சைக் கதவு, அதே அளவு தோட்டம், எங்கள் தெருவா அடுத்த தெருவா என்று அம்மாவுக்கே சந்தேகம் வந்து, வேறு யாரோ வீட்டுக் கேட்டைத் திறந்துவிட்டாள். நம்பர் இல்லாமல் அங்கே யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது.

அதைத்தான் முயன்று பார்க்கிறேன். அந்த வீட்டைப் பற்றி ஒரு பத்தி. பிளாக் நம்பர் கிடையாது, தெரு கிடையாது, ஒரு 'போல' கிடையாது. பஸ் நிறுத்தத்தில் இறங்கிய ஒரு ஆள் அந்தப் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு, எங்கேயும் கேட்காமல், எங்கள் கதவில் வந்து நிற்க வேண்டும். அதற்கு அந்தத் தெருவில் எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த மரத்தை யார் வெட்டிவிட்டார்கள், எந்த வீட்டுக்காரர் முதல் ஷிப்ட் முடிந்து வந்து சைக்கிளை எங்கே சாய்க்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும். தினம் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இரண்டு முறை எழுதினேன், தம்பி கையில் கொடுத்து அனுப்பினேன். இரண்டு முறையும் அடுத்த தெருவுக்குப் போய்விட்டான்.

சரியாக வந்ததும், மடித்து, மேலே எதுவும் எழுதாமல், அவள் ஆபீசில் கொடுத்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். அந்த வீட்டை அவள் பார்த்ததில்லை.